உட்கார்ந்த இடத்தில் கிடைத்த பாட்டில்

நான் அரைத்து விற்கும் மிளகாய்ச் சம்பலைக் கண்ணாடி பாட்டிலில் தந்தால்தான் இனி வாங்குவேன் என்று பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் இன்று கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் உணவுக் கண்காட்சிக்குப் போனேன். ஒரு பூத்தில் பேசும்போதே கண் அடுத்த பூத்துக்கு ஓடியது. எங்கு பாட்டில் கேட்டாலும் கன்டெய்னர் கணக்கில்தான் தருவார்களாம்.

கால் கடுத்து ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் ஆன்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா தேடுற?”

“பாட்டில் ஆன்டி. கொஞ்சமா கேட்டா யாரும் தர மாட்டேங்கிறாங்க.”

“நான் தரேன் லா! ரவாங்ல நம்ம ஃபேக்டரி. டாய்லெட் பக்கத்துல பூத் குடுத்துட்டாங்க, ஒருத்தரும் வரல. அதான் ஆளத் தேடி நானே சுத்துறேன்.”

சாம்பிள் பாட்டிலோடு வீடு வந்துவிட்டேன். ஆனாலும் கண்காட்சியின் மாடி ஹாலைப் பார்க்காமல் வந்தது மனதை அரிக்கிறது.

போனவர்கள் சொல்லுங்கள், அங்கே என்ன இருந்தது?