கட்டிங் மேசையில் காது வைத்துக் கேட்ட கிட்டார்

அன்று எங்கள் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் அந்தக் கட்டிங் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்திய ஆர்மோனியக்கார பாய், கோயமுத்தூரிலிருந்து கிட்டாரைக் கொண்டுவந்த ஆசாரி. வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார். அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பிற்பாடு குழுவில் வேறு சிலரும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு, விலை இன்னது, பேச்சு இன்னது என்று ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். அவர்கள் யாரும் அங்கே இல்லை.

எழுபதுகளில், கரண்டு கட் இருந்த சமயம் அது. வாரத்தில் ஒரு நாள் பகல் முழுக்க மிஷின் ஓடாது, கம்பெனிக்கு லீவு. எங்களுக்கு ஒழிந்த நாள் அது ஒன்றுதான் என்பதால் கிட்டாரை அன்றைக்கே கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பாய் முதல் நாளே வாடகை கொடுத்து ஆம்ப்ளிஃபயர் எடுத்து வந்து மேசைக்கடியில் வைத்துவிட்டார். முதலாளியிடம் அறைச் சாவி வாங்கியது நான். ஆசாரி சாக்கைப் பிரித்து, ஒயரை எடுத்து, பிளக் பாயிண்டைத் தேடிய பிறகுதான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"கரண்டு இல்லாத நாளாப் பாத்து கரண்டு கிட்டார் பாக்க வந்திருக்கமே, நம்மள மாதிரி ஆளுக இந்த ஜில்லாவுலயே இல்லப்பா" என்றார் பாய். சிரித்து முடித்ததும், "சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துரும். இருங்க ஆசாரி" என்றார்.

"இருக்க முடியாதுங்க பாய். பெங்களூர்ல மேசை நாற்காலி செய்யற எடத்துல வேலை கெடைச்சிருக்குதுங்க. அஞ்சு மணி ரயிலுக்குப் போயாகோணும். வேண்டாம்னா சொல்லுங்க, ஸ்டேசன்கிட்ட ஒருத்தரு கேட்டிருக்காரு, குடுத்துட்டுப் போயிர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மங்கலம் பக்கம் ஒரு கோயில் பொங்கலுக்குக் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தோம். அதுவரை நான் வாசித்தது இரவல் கிட்டார். அதைச் சொந்தக்காரர் திருப்பி வாங்கிப் போய்விட்டார். எனக்கென்று ஒன்று இல்லாவிட்டால் கோயமுத்தூரிலிருந்து கிட்டாரோடு வாசிக்க வேறோர் ஆள் வருவார் என்று பாய் சொல்லிவிட்டார். வந்த ஆள் அப்படியே குழுவில் நிலைத்துவிட்டால்? எட்டாவதோடு படிப்பை விட்டு, பனியன் பீஸில் ஓட்டை பார்க்கும் செக்கிங் வேலைக்கு வந்தவன் நான். அந்தக் குழுவில் நிற்பது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது.

இரவல் கிட்டார் அடிக்குரலில் உறுமும் பேஸ் கிட்டார், கிட்டத்தட்ட ஆள் உயரம். நாங்கள் பயிற்சி செய்தது காதர்பேட்டையில் பாயின் கடைக்குப் பின்னாலிருந்த அறையில். மூன்று பக்கமும் பனியன் பண்டல், நடுவில் ஆர்மோனியம். நான் பக்கவாட்டில் திரும்பினால் கிட்டாரின் கழுத்து பண்டலில் இடிக்கும். ஒரு தடவை அடுக்கே சரிந்து ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது. எங்கள் வீட்டு அறை அதைவிடச் சின்னது. அதனால்தான் கழுத்து குட்டையாக, விலையும் குறைவாக ஒன்று வேண்டுமென்று ஆசாரியிடம் சொல்லிச் செய்தோம். தச்சு வேலைக்காரரான அவர் ஒரு ரேடியோ கடையில் செம்புக் கம்பிச் சுருள் சுற்றவும் கற்றிருந்தார். பேசிய விலை நூற்று அறுபது ரூபாய்.

தோளில் மாட்டிப் பார்த்தேன். கை எட்டியது, இடுப்பில் இடிக்கவில்லை. தடித்த கம்பியைத் தட்டினேன். கொசு பறப்பது மாதிரி ஒரு சத்தம். கரண்டில் வைத்தாலும் இப்படியே இருந்தால் என்ன செய்வது? கம்பி இழுத்துக் கழுத்து வளைந்துவிட்டால்? ஆசாரியோ பெங்களூர் போகிறார்.

"பாய், நீங்க கேட்டுப் பாருங்க."

"கேக்கறதுக்கு சத்தம் வந்தாத்தானப்பா?"

என் மனைவி அதே கம்பெனியில் மடிக்கிற வேலை பார்த்தாள். அவள் எழுந்து, கட்டிங் மேசைமேல் கிடந்த துணியையெல்லாம் ஒரு பக்கம் தள்ளினாள்.

"ஏனுங், அதோட அடிப்பக்கத்த இந்தப் பலகைல அழுத்தி வெச்சுத் தட்டுங்க. கத்திரி வெச்சாலே அந்தக் கோடி வரைக்கும் அதிருமில்லீங்க."

வைத்துத் தட்டினேன். பதினைந்தடி நீள மேசை முழுவதும் உறுமியது. பாய் "அடேயப்பா" என்று குனிந்து பலகையில் காதை வைத்தார். எதிர்க்கோடியில் என் மனைவியும் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கம்பியாக, கழுத்தில் ஒவ்வொரு கட்டமாக வாசித்துப் போனேன். வாசிக்கிற பதற்றத்தில் எனக்கு மட்டும் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

"எப்படிப் புள்ள இருக்குது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"வயித்துக்குள்ள கேக்குதுங்க. மூணாவது கம்பி மட்டும் சளி புடிச்ச மாதிரி இருக்குது."

"தங்கச்சி சொல்றது சரிதான்" என்றார் பாய்.

ஆசாரி ஸ்குரூ டிரைவரை எடுத்து அந்தக் கம்பிக்கு அடியில் ஏதோ திருகினார். சளி போனது. ஆனாலும் எனக்கு அடங்கவில்லை. உறுமுவது கிட்டாரா, மேசையா? மேசையைத் தூக்கிக்கொண்டு மங்கலத்துக்குப் போக முடியுமா? மணி நாலு தாண்டிவிட்டது. ஆசாரி சாக்கை மடிக்கத் தொடங்கினார். வாயில் வந்த 'வேண்டாம்' என்ற சொல்லை நான் விழுங்கிக்கொண்டிருந்தபோது என் மனைவிதான் பேசினாள்.

"அண்ணா, பனியன் வாங்கறவங்க துணிய நனைச்சுச் சுருங்குதான்னு பாக்காம முழுப் பணமும் குடுப்பாங்களா? நாங்களும் இன்னும் கரண்டுல கேக்கலீங்க. இப்ப நூறு வாங்கிக்கோங்க. மீதிய நல்லா இருந்தாக் குடுக்கறோம்."

"நா பெங்களூர் போறேனே தாயி. மீதிய எங்க வந்து வாங்கறது?"

"தீவாளிக்கு ஊருக்கு வருவீங்கல்ல, என் கடைக்கு வாங்க. பணத்துக்கு நான் ஜவாப்" என்றார் பாய்.

ஆசாரி கிட்டாரை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "நல்லா இருக்குமுங்க. எனக்குத் தெரியும்" என்று சொல்லி நூறு ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

ஆறு மணி வரை நான் உட்காரவே இல்லை. சுவிட்சைப் போட்டு வைத்துவிட்டு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல்பு எரிந்ததும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து தறிக்கொட்டகை மாதிரி ஓர் இரைச்சல் கிளம்பியது. போச்சு என்று கம்பியைக் கையால் பொத்தினேன். இரைச்சல் நின்றது. தடித்த கம்பியைத் தட்டினேன். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பாய் கண்ணை மூடி ஒரு பாட்டு நேரம் கேட்டார்.

"கோயமுத்தூர் ஆளுக்குச் சொல்லி உட்ரலாம்ப்பா, வாசிக்க வர வேண்டாம்னு."

ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டிகளைச் சேர்த்துக் கட்டிய மேடையில் அதைத்தான் வாசித்தேன். அப்புறம் ஒன்பது வருஷம் அதுவேதான். கழுத்து வளையவில்லை.

அந்தத் தீபாவளிக்கு ஆசாரி வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை. கோயமுத்தூர் ரேடியோ கடையில் விசாரித்தேன். பெங்களூர் விலாசம் அவர்களிடமும் இல்லை. பெங்களூருக்குச் சரக்கு கொண்டுபோகிற லாரிக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் பார்த்தேன். "வந்தாக் குடுக்கப் போறோம், அதுக்கேன் நீ தூங்காமக் கெடக்கற?" என்பார் பாய். எனக்கென்னவோ, நல்லா இல்லை என்று நினைத்துத்தான் நாங்கள் மீதியைக் கொடுக்கவில்லை என்று அந்த மனிதர் எங்கோ நினைத்துக்கொண்டிருப்பாரோ என்றே இருந்தது. நன்றாக இருந்தது. ஆசாரிக்கு இன்னும் தர வேண்டியது அறுபது ரூபாய்.