ரொஹானின் வலது கை

கம்பளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சாஹுல் ஹமீது நானாவின் கடையில் கொத்து ரொட்டி போடுகிற ரொஹானை ஊருக்கே தெரியும். அவன் ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரன் என்பதுதான் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பேசமாட்டார்கள். பாவம், கை போன கதையை யார் கிளறுவது?

ஒரு போட்டியில் அவனுடைய வலது கை எலும்பு நொறுங்கிப்போனது. கட்டுப் பிரித்த அன்று டொக்டர், அவன் மனைவி பெற்றீசியாவின் விரல்களைப் பிடித்து இறுக்கச் சொன்னார். அவளுக்கு ஈரத்துணி பட்டதுபோல்தான் இருந்தது. அவன் முழுப் பலத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்பது முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து தனியாக அழுதாள்.

ஹமீது நானா அவனைக் கோப்பை கழுவத்தான் சேர்த்தார். கொத்துப் போடுகிறவர் கட்டாருக்குப் போனதும் ரொஹான் அடுப்பின் முன்னால் நின்றான். ரொட்டியைக் கொத்த இரண்டு கையிலும் தகடு வேண்டும். வலதுகைத் தகடு நழுவி நழுவி விழ, பசியோடு நின்றவர்கள் சிரித்தார்கள். மனுஷன் விடவில்லையே! இடது கையால் டடக்கு டடக்கு என்று கொத்தித் தள்ளிவிட்டு, கடைசியில் மட்டும் வலதால் ஓங்கி ஒரு போடு போடுவான். கொத்து முடிந்தது, சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டு வா என்று அர்த்தம். வரவர அந்த ஒற்றைச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அதே கடையில் வேலை செய்த பெற்றீசியா பக்கத்தில் வெங்காயம் வெட்டிக்கொண்டே தினமும் அதைக் கேட்டாள்.

அப்படியிருக்க ஒருநாள், திரும்ப மேடை ஏறப்போவதாகச் சொன்னான். முப்பத்தாறு வயதில்! அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"அந்தக் கை மறுபடி போச்சுன்னா கொத்தும் போச்சுங்க. புள்ளைங்களுக்கு என்னத்தப் போடுவீங்க?"

"ஒரே ஒரு தடவ, பெற்றீசியா. கை போனவனாவே நான் சாக ஏலாது."

போட்டி கண்டியில். எதிரி கொழும்புப் பையன், இளரத்தம். ரொஹானின் வலது கை தாடையோடு ஒட்டிக்கிடக்க, இடது மட்டுமே வேலை செய்தது. இரண்டு சுற்றுக்குள் பையன் விஷயத்தைப் பிடித்துவிட்டான். அந்தக் கை வராது என்ற துணிச்சலில் அந்தப் பக்கமாகவே புகுந்து புகுந்து அடித்தான். ரொஹானின் உதடு கிழிந்தது.

மூன்றாம் சுற்றில் பெற்றீசியா கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதால்தான் கேட்டது. டடக்கு டடக்கு, டடக்கு டடக்கு. கையுறைச் சத்தம்தான், ஆனால் சாட்சாத் கடைச் சத்தம்! அடுத்து என்ன வரும் என்று அந்தக் கூட்டத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

"யா அல்லாஹ், முடிக்கப் போறான்" என்று பக்கத்தில் ஹமீது நானா எழும்பிவிட்டார்.

வேண்டாங்க, வேண்டாங்க என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். விழுந்தது ஒரு போடு.

கண்ணைத் திறந்தபோது பையன் மல்லாந்து கிடந்தான். நடுவர் பத்து வரை எண்ணி முடித்தார். எண்ணிய பிறகுதான் மண்டபத்துக்கே மூச்சு வந்தது. அம்மாடி, என்ன ஒரு ஆரவாரம்! பெற்றீசியாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது.

ஆனாலும் அவள் வெற்றியைப் பற்றிக் கேட்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், கையுறையைக் கழற்றி, வீங்கிய அந்தக் கைக்குள் தன் விரல்களை வைத்தாள்.

"இறுக்குங்க."

இறுக்கினான். அவள் விரல்களில் உயிர்போகிற வலி. விடச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே நின்றாள்.