மாதிரி வீட்டுக்குப் பெண் பேசி வந்தார்கள்

கல்முனைப் பக்கத்தில் ஒரு வீடு எழும்பினால் ஊரார் கேட்கிற முதற் கேள்வி, எத்தனை அறை என்பதல்ல. எந்தப் பெண்ணுக்கு என்பதுதான். பெண் பிறந்த கையோடு வாப்பாமார் அவளுக்குச் சீதன வீடு கட்டக் கல்லும் மணலும் இறக்கத் தொடங்குகிற ஊர் இது. கொழும்பில் கட்டடக்கலை படித்துவிட்டு வந்த சியாமுக்கு அதெல்லாம் மறந்தே போயிற்று. மருதமுனை வீதியோரம் மூன்று மாதிரி வீடுகளைக் கட்டி, கட்டிலும் கதிரையும் போட்டு, ஒருத்தரையும் குடிவைக்காமல் விட்டுவிட்டார். போதாக்குறைக்குப் பெயர்ப்பலகையை இங்கிலீசில் எழுதினார். படித்த மனிதருக்குப் புத்தி வேறு எப்படிப் போகும்!

அறுபது எழுபது வருடத்துக்கு முந்திய பாணி வீடுகள் அவை. சிவப்புச் சீமெந்துத் தரை, காற்றுக்குப் பூக்கல் வைத்த சுவர், தாழ்ந்த கூரை, கூம்பிய கால்களில் நிற்கிற பிரம்புக் கதிரைகள், கண்ணாடி அலுமாரிக்கு மேல் பாடாத வானொலிப் பெட்டி. இதைப் பார்த்து இப்படியே கட்டித் தரச் சொல்லி ஆட்கள் வருவார்கள் என்பது சியாமின் எண்ணம்.

நடு வீட்டைப் பார்த்துக்கொண்டவள் கமீலா. ஐம்பத்து மூன்று வயது, சாய்ந்தமருதுக்காரி. காலையில் திறந்து, தரையை மினுக்கி, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். "இந்தப் பூக்கல்லால காத்து வரும், வெளிச்சம் வரும், ஆக்கள்ட கண் மட்டும் வராது" என்று, சியாம் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே சொல்வாள். கட்டிலில் மட்டும் உட்காரக் கூடாது என்பது கட்டளை.

அவளுக்கும் ஒரு மகள் இருந்தாள், றிபா. அவள் பிறந்தபோது கமீலாவின் புருசன் சீனிமுகம்மது கடற்கரை வளவில் அவளுக்கென்று அத்திவாரம் போட்டார். மீன்பாடு நல்லாயிருந்த வருடங்களில் சுவரும் கொஞ்சம் எழும்பியது. பிறகு சுனாமி வந்தது. சுவரும் போயிற்று, பிள்ளையும் போயிற்று, அத்திவாரம் மட்டும் மிஞ்சியது.

உடல் கிடைக்கவில்லை. அதனால் மௌத்து என்ற சொல்லைக் கமீலா வாயால் சொல்லவில்லை. ஊரெல்லாம் இறந்தவர்களுக்குக் கத்தம் ஓதிச் சோறு கொடுத்தபோது இவள் மட்டும் பிள்ளைக்கு ஓத விடவில்லை. "ஆரும் எடுத்து வளப்பாங்க" என்றாள். சீனிமுகம்மதுவும் அந்தக் கவலையோடேயே போய்ச் சேர்ந்தார். பிடிவாதக்காரி என்றார்கள். பிடிவாதந்தான். பெற்ற வயிற்றுக்குப் பிடித்துக்கொள்ள வேறென்ன இருந்தது?

ஒரு சனிக்கிழமை சம்மாந்துறையிலிருந்து ஜெனூபா என்றொரு பெண் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பஸ்ஸுக்குள்ள இருந்து இந்த ஊட்டப் பாத்துப் பாத்துத்தான் போறனான், ராத்தா. கட்டிலும் போட்டாச்சி, கலியாணம் நடந்த மாதிரித் தெரியல்ல. பொண்ணுக்கு மாப்புள பேசியாச்சா?"

இது மாதிரி வீடு என்று சொல்லத்தான் கமீலா வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"புள்ளைட பேரென்ன?"

"றிபா."

"வயசு?"

"இருபத்தேழு."

யோசிக்காமலே சரியாகச் சொன்னாள். இத்தனை வருடமும் மனசுக்குள் பிள்ளையை வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறாள், பாவி மனுசி.

"என்ட மகன் பஸாலுக்கு முப்பது. படிப்பிக்கிறான். வெள்ளிக்கிழம வாறன், புள்ளைய ஒருக்கா கண்ணால பாத்துட்டுப் போறன்."

"ஓம், வாங்க" என்றாள் கமீலா.

அந்த ஆறு நாளும் அவள் சந்தோசமாக இருந்தாள். மறைக்க என்ன இருக்கிறது, சுனாமிக்குப் பிறகு அவள் சந்தோசமாக இருந்த நாட்கள் அவைதான். தன் கையால் பூப்போட்ட தலையணை உறையைக் கொண்டுவந்து போட்டாள். யன்னல் பக்கம் றிபாவுக்கு, இந்தப் பக்கம் மருமகனுக்கு என்று கட்டிலைப் பங்கு வைத்தாள். புதன்கிழமை அதில் உட்கார்ந்தும் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஜெனூபா ஒரு பிங்க் சேலையோடும் தொதல் பலகாரத் தட்டோடும் வந்தாள். அன்றைக்கென்று பார்த்துச் சியாமும் வந்து நின்றார்.

"நீங்க பொண்ணுட காக்காவா மகன்?" என்று அவரைப் பெண்ணுக்கு அண்ணனாக்கிக் கேட்டாள் ஜெனூபா.

"எந்தப் பொண்ணு? இது மாதிரி ஊடு. ஆக்களுக்குக் காட்டக் கட்டினது. இங்க ஒருத்தரும் இல்ல."

ஜெனூபாவின் முகம் சிவந்துவிட்டது. "எங்களோட விளையாடினீங்களா ராத்தா? பொண்ணு எங்க?"

கமீலாவுக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. றிபாவுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்றால் போதும். ஜெனூபா ஏசிவிட்டுப் போய்விடுவாள், பிள்ளை எங்கோ புருசனோடு நல்லாயிருப்பாள். ஆனால் ஜெனூபாவின் கையில் அந்தச் சேலை இருந்தது. இத்தனை வருடத்தில் றிபாவுக்கென்று ஒருவர் வாங்கி வந்த ஒரே உடுப்பு. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"என்ட மகள் மௌத்தாகிட்டா, தங்கச்சி. சுனாமில."

சொல்லிவிட்டு அந்த மினுக்கிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெனூபாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். சியாம் வெளியே போய் நின்றார். போகும்போது ஜெனூபா சேலையைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கமீலா வீட்டைப் பூட்டினாள். சேலையை மடியில் வைத்தபடி ஆட்டோவில் சாய்ந்தமருதுக்குப் போய், பள்ளிவாசலுக்குப் பக்கத்திலிருக்கிற, ஊருக்கு ஓதிக்கொடுக்கிற லெவ்வையின் வாசலில் நின்றாள்.

"ஒரு கத்தம் ஓதணும், லெவ்வை."

"ஆருக்கு?"

"மகளுக்கு. றிபா."

லெவ்வைக்கு அவளைத் தெரியும். "எத்தின வயசு?" என்று மெதுவாகக் கேட்டார். "சின்னப் புள்ளைகளுக்குக் கேக்கிற துஆ வேற. அதுக்குத்தான் கேக்கிறன்."

இருபத்தேழு என்பது வாய்வரைக்கும் வந்தது. கமீலா அதை விழுங்கினாள்.

"ஆறு" என்றாள்.