கிரெனடாவிலும் ஒரு குசினி

எங்களுக்கு விடுமுறை என்றால் யாராவது ஒருவருடைய வீடு. லண்டனில் கணவருடைய அக்கா வீடு, பாரிஸில் என் தம்பி வீடு. பக்கத்தில் இருக்கும் ஒஷாவாவுக்குப் பிறந்தநாள் விழாவுக்குப் போனால்கூட இரவு நின்று, காலையில் இடியப்பம் பிழிந்து கொடுத்துவிட்டுத்தான் வருவோம். கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகியும் ஹோட்டல் கட்டிலில் நான் ஒருநாளும் படுத்ததில்லை. போன வீடெல்லாம் அன்பான வீடுதான். ஆனால் சமைக்கவென்று குசினிக்குள் கால் வைக்காமல் திரும்பி வந்த வீடு ஒன்றுமில்லை.

வேலையும் அப்படித்தான் அமைந்தது. மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் இடத்தில் பத்தொன்பது வருடம் தட்டு அடுக்கினேன். ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்: "ஒரு கிழமைக்கு, ஏழு நாளும் நான் சமைக்கத் தேவையில்லாத ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கடல் இருந்தால் இன்னும் நல்லது."

அவர் நல்ல மனிதர். சொன்னதைக் கேட்பார், ஆனால் பாதிதான் கேட்பார். இந்த முறை காதில் விழுந்தது கடல் மட்டும். மூன்றாம் நாள் தொலைபேசியும் கையுமாக வந்து நின்றார்.

"இஞ்சாரும், இடம் சரி. என்னோட படிச்சவன் ஒருத்தன் கிரெனடாத் தீவில மெடிக்கல் கொலிஜ்ஜில படிப்பிக்கிறான். வீட்டில ஒரு அறை சும்மா கிடக்காம். ஒரு கிலோ மிளகாய்த்தூள் மட்டும் கொண்டு வரட்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிளகாய்த்தூளுக்குப் பின்னாலேயே சட்டியும் அகப்பையும் வரும் என்பது இந்த மனிதருக்கு ஏன் விளங்குவதில்லை?

"நான் ஹோட்டலிலதான் நிப்பன்."

"தெரிஞ்ச ஆக்கள் இருக்கேக்க ஹோட்டலோ? அவை என்ன நினைப்பினம்?"

"என்னவும் நினைக்கட்டும்."

இரண்டு நாள் கணினியில் ஹோட்டல் ஹோட்டலாகக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நொட்டை இருந்தது. ஒன்றில் படிக்கட்டு அதிகமாம், இன்னொன்றில் சோறு தரமாட்டார்களாம். கடைசியில் நண்பரின் எண்ணை அழுத்தி, "அப்ப நீரே சொல்லும்" என்று தொலைபேசியை என் கையில் திணித்தார். நான் மாட்டேன் என்று சொல்லமாட்டேன் என்பது அவர் துணிவு. எனக்கும் அதுதான் பயம். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் இத்தனை வீட்டுக் குசினியை நான் கண்டிருக்கமாட்டேனே.

எடுத்தது நண்பரின் மனைவி. நான் முன்பின் பேசியிராதவள், குரலில் இளையவள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்: "குறை நினையாதேங்கோ தங்கச்சி. எனக்கு ஒரு கிழமை சமைக்காமல் இருக்க வேணும். அதுதான் ஹோட்டலில நிக்கப் போறம்."

கோபிப்பாள் என்றே நினைத்தேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவரும் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"எந்த ஹோட்டல் அக்கா?"

பெயரைச் சொன்னேன்.

"அது வேண்டாம். அதில இருந்து கடற்கரை தூரம். எங்கட வீட்டுக்குக் கிட்ட நல்லதொண்டு இருக்கு." பிறகு குரல் இறங்கியது. "ஒவ்வொரு விண்டருக்கும் ஆரும் வந்து எங்களோட நிப்பினம் அக்கா. அவையைக் கடலுக்கு அனுப்பிப்போட்டு நான் சமைப்பன். இஞ்ச வந்து ஏழு வருசம். ஒரு நாள் முழுக்க அந்தக் கடற்கரையில இருந்தது இல்லை. ரெண்டு அறையாப் போடட்டோ? நாங்களும் வந்து நிக்கிறம்."

"ஓம், ரெண்டாப் போடுங்கோ," என்றேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் மத்தியானம், கடலைப் பார்த்தபடி நாலு பேரும் ஒரே மேசையில் இருந்து யாரோ பொரித்த மீனைச் சாப்பிட்டோம். உறைப்புக் குறைவுதான். எனக்கு அமிர்தமாக இருந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, சாப்பிட்டு முடிந்ததும் அவளும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினோம். பாதியில் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"இருங்கோ அக்கா," என்றாள்.

"நீரும் இரும்," என்றேன்.

இரண்டு பேரும் திரும்ப மேசையில் இருந்தோம். தட்டுகள் அப்படியே கிடந்தன.