ஒதுங்கி நின்றவர்

வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியாகக் குடலிறக்கத்தைச் சரிசெய்யும் முறையைப் பழக்கிவிட, வாரம் ஒருமுறை ஜொகூர் பாருவிலிருந்து குளுவாங் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கிருந்த அறுவை மருத்துவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கத்தி பிடித்தால் கை நடுங்காதவர். திரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே தையல் போடுவதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஊசி இரண்டு முறை நழுவினால் எனக்குப் பொறுக்காது.

"குடுங்க டாக்டர், நான் போட்டுடறேன்" என்று கருவியை வாங்கிவிடுவேன். அவர் ஒதுங்கி நிற்பார். பயிற்சிக்கென வைத்த எட்டு நோயாளிகளுக்கும் இப்படித்தான் முடித்தோம். இனி அவர் தனியாகச் செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்த நீண்ட சாலை விட்டது என்ற நிம்மதி வேறு.

ஒரு மாதம் கழித்து, எப்படிப் போகிறது என்று அங்கிருந்த அறுவை அறைத் தாதியிடம் போனில் கேட்டேன்.

"நேத்துதான் தனியா செஞ்சாரு. தையல் போடற நேரம் வந்ததும் கருவிய விட்டுட்டு, பழக்கத்துல ரெண்டடி ஒதுங்கி நின்னாரு. கருவிய வாங்கிக்க பக்கத்துல யாரும் இல்லலா. கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு. அப்புறம் கத்தி கேட்டு, பழையபடி வயித்தத் திறந்து முடிச்சுட்டாரு."

"நோயாளி எப்படி இருக்காரு?"

"அவரு நல்லாதான் இருக்காரு. டாக்டர்தான் இன்னிக்கு வேலைக்கு வரல."