பூதம் காக்கும் பங்குக் கிணறு

இன்று காலை ஊர்காவற்றுறையிலிருந்து பஸ் ஏறிய எனக்கு இன்னும் அதிர்ச்சி போகவில்லை.

கனடாவில் இருக்கும் நண்பன் சுதன், மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி விளையாடும் மாய உலக விளையாட்டுக்கு இரண்டு புத்தகங்கள் எழுதியிருக்கிறான். ஒன்று அந்த உலகத்தைப் பற்றியது. மற்றது அதற்குள் நடக்கும் சாகசம்.

"வாசிச்சுப்போட்டு உள்ளதைச் சொல்லும்" என்று அனுப்பியிருந்தான்.

உலகப் புத்தகம் அருமை. பஸ்ஸில் சாகசப் புத்தகத்தைத் திறந்து, பூதம் காக்கும் கிணற்றின் வரைபடத்தை விரித்தேன். பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத அக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது சரவணையெல்லோ? இது எங்கட வளவு!"

திடுக்கிட்டுப் போனேன். சுதனின் ஊரும் சரவணைதான். பெயர்களை மாற்றிவிட்டுத் தன் வீடு இருக்கும் ஒழுங்கையை வீடு, வேலி, கிணறு எல்லாவற்றோடும் அப்படியே போட்டிருக்கிறான்.

"கோவிக்காதேங்கோ அக்கா, உங்கட கிணத்துக்க பூதம் இருக்கெண்டு எழுதியிருக்கு."

"பூதம் இருந்திட்டுப் போகட்டும். வேலியைப் பாரும்! அது ரெண்டு வீட்டுக்கும் பங்குக் கிணறு. பக்கத்து வீட்டுக்காரர் முழுசாத் தங்கட பக்கம் எடுத்திட்டாங்கள்!"

வேலணையில் இறங்குமுன் அக்கா அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தார். "லோயரிட்டக் காட்டுறன்."

பதறிப்போய்ச் சுதனுக்கு அழைத்தேன்.

"ஐயோ, அது எங்கட பக்கத்து வீட்டு அக்கா! படத்தில வேலி நான் கீறேல்லை. அப்பாதான் கீறித் தந்தவர்!"

பூதத்தை வெல்ல ஐந்து வீரர்கள் போதும் என்று புத்தகத்தில் இருக்கிறது. இந்த வேலிக்கு எத்தனை பேர் வேண்டும்? தீவகத்து ஆட்கள் சொல்லுங்கள்.