அக்காவின் மஞ்சளும் கடைமடைத் தண்ணீரும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் புற்றுநோயின் படம் ஒன்றும் மாட்டியிருக்கிறது. அக்கா தஞ்சாவூரில் ஆராய்ச்சி செய்த காலத்தில் மைக்ராஸ்கோப் வழியாக எடுத்த படம். இடது பாதியில் பெருங்குடல் புற்றுநோய் செல்கள் நெருக்கியடித்து நிற்கும். வலது பாதியில், மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த சத்து பட்டதும் சுருங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதக்கும். "பூச்சி விழுந்த நாத்தங்கால் மாதிரில்ல இருக்கு" என்று பெருமைப்பட்டு, ஃபிரேம் போட்டு மாட்டியவர் அப்பா. வருகிறவர்களையெல்லாம் அதன் முன் நிறுத்தி, கையில் இருக்கும் காபி ஆறும்வரை விளக்குவார்.

அதே நோய் அப்பாவுக்கே வந்தது. உடனே ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்றார் டாக்டர். அப்பா மறுத்துவிட்டார். அவர் உழுதது குத்தகை நிலம். காலி செய்யச் சொல்லி நிலத்துக்காரர் போட்ட வழக்கு கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. "ஒரு போகம் நான் படுத்துட்டா அவங்க ஏர் ஓட்டிடுவாங்க. சம்பா அறுத்துட்டு வர்றேன்" என்றார். அக்கா அழுதாள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "நீதான் மஞ்சளாலயே கொன்னுட்டியேம்மா, அப்புறம் எதுக்குக் கத்தி?"

"அது லேப்ல, தட்டுலப்பா. அங்க மஞ்சள் செல்லு மேலயே நிக்கும். வாயால குடிச்சா நம்ம கடைமடைக்கு வர்ற தண்ணி மாதிரிதான், வழியிலயே தீந்துடும்."

ஆற்றில் தண்ணீர் திறந்தும், கடைசி மடையான எங்கள் வாய்க்கால் காய்ந்து கிடந்த வருஷங்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அப்பா சிரித்தார். "தண்ணி வந்த வருஷமும் இருக்கேம்மா."

அறுவடைவரை அப்பா தினமும் தானே மஞ்சளைக் கரைத்துக் குடித்தார். கதிர் அறுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு, அத்தனை நாள் வேண்டாம் என்று சண்டை போட்ட அக்காவே சாயங்காலம்தோறும் பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் காய்ச்சினாள். அது எவ்வளவு வீண் என்று அவளுக்குத் தெரிந்த அளவு வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. "கடைமடைக்கு வந்துச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா குடிப்பார். "வந்துடுச்சுப்பா" என்பாள். பிறகு அடுப்படிக்குள் போய்த் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள்.

எந்த நிலத்துக்காக உயிரை விட்டாரோ அது எங்களிடம்தான் இருக்கிறது. உழும்போதெல்லாம் எனக்கு அப்பாமேல் கோபம் வருகிறது. அக்கா இப்போது வெளியூரில் பேராசிரியை. இந்த வருஷம் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்து, அந்தப் படத்தின் முன் நின்றபடி அவளுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, தண்ணி வந்துடுச்சு."

"கடைமடை வரைக்குமா?"

"ஆமாக்கா."

அவள் போனை வைக்கவே இல்லை.